குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு முன்

வெளிநாட்டவரை மணந்து, வெளிநாட்டிலேயே குழந்தையும் பெற்ற ஓர் இந்தியர் ஊர் திரும்ப நினைக்கும்போது, வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி மனைவியின் விசாவைப் பற்றியதாகத்தான் இருக்கும். கணவர் வெளிநாட்டவர் என்றால் அவருடைய விசா. குழந்தையைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. நம் பிள்ளைதானே, அம்மா அப்பாவோடு வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என்னிடம் யோசனை கேட்டு வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது. முதலில் குழந்தையின் காகிதங்கள். மனைவிக்கான வழிகள் மெதுவானவை, ஆனால் பொறுமையானவை. இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம். குழந்தைக்கு மட்டும் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. பிறந்த நாளிலிருந்து ஓராண்டு.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரன். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, அங்கேயே கணக்குத் துறையில் வேலையில் இருந்த என் மனைவியைச் சந்தித்தேன். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். திருமணப் பதிவு சிங்கப்பூரில் நடந்தது, மகளும் அங்கேதான் பிறந்தாள். இப்போது மூவரும் திருச்சியில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக் கதை வெளியே தெரிந்த பிறகு, நண்பர்களின் நண்பர்கள், தூரத்து உறவினர்கள் என்று பலரும் போன் செய்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

சிங்கப்பூரில் பிறந்தால் சிங்கப்பூர்க் குடியுரிமை கிடைத்துவிடும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பெற்றோரில் ஒருவராவது அந்நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் இல்லை. தாய் வழியில் மகள் பிறந்த கணமே பிலிப்பைன்ஸ் குடிமகள் ஆகிவிட்டாள், ஏனென்றால் அந்நாட்டுச் சட்டம் ரத்த உறவைப் பார்க்கிறது. தந்தை வழியில் என்ன? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அப்பா இந்தியர், அதனால் பிள்ளையும் இந்தியர் என்பது 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளுக்குப் பொருந்தாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இப்போது சொல்வது இதுதான்: பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தால் குழந்தை இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள். பதிவு செய்யாவிட்டால் இல்லை.

ஓராண்டு தாண்டினால் எல்லாம் போயிற்று என்று சொல்லமாட்டேன். மத்திய அரசின் அனுமதி பெற்றுத் தாமதமாகவும் பதிவு செய்யலாம். ஏன் தாமதம் என்று காரணம் எழுத வேண்டும், கோப்பு டெல்லிக்குப் போகும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓராண்டுக்குள் உரிமையாக இருந்தது, அதற்குப் பின் யாரோ ஒருவர் தரவேண்டிய அனுமதியாகிவிடுகிறது. குழந்தை பிறந்த முதல் வருடம் எப்படி ஓடும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். தூக்கம் கிடையாது, தடுப்பூசி, காய்ச்சல், இரண்டு பாட்டிகளின் வருகை. அந்த அலைச்சலுக்கு நடுவே தூதரக இணையதளத்தில் படிவம் நிரப்ப யாருக்கும் மனம் வராது. ஆனாலும் செய்துவிடுங்கள்.

இந்தப் பதிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி எழுதித்தர வேண்டும். கவனித்துப் படியுங்கள், பாஸ்போர்ட் இல்லை என்றுதான் கேட்கிறார்கள். பிறப்பால் இன்னொரு குடியுரிமை தானாக வந்திருப்பதைச் சட்டம் அந்த வயதில் குற்றமாகப் பார்ப்பதில்லை. அதைத் தீர்க்க வேறொரு நாளைக் குறித்து வைத்திருக்கிறது. குழந்தை 18 வயதை எட்டிய ஆறு மாதத்துக்குள் மற்றக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

அவசரத்தில் அம்மாவின் நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வளைகுடாவில் வேலை பார்த்த என் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்தார். மனைவி வெளிநாட்டவர். மனைவியின் நாட்டுத் தூதரகம் குழந்தையின் பாஸ்போர்ட்டைச் சீக்கிரம் தரும், இந்திய வேலை இழுக்கும், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு விசாவில் ஊருக்குக் கூட்டிப்போய்விடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு முகவர் சொல்லியிருக்கிறார். அவரும் தாத்தா பாட்டிக்குக் குழந்தையைக் காட்டும் ஆசையில் சரி என்றுவிட்டார். அந்தப் பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளில் 4ஆம் பிரிவின் எளிய வழி அடைபட்டுவிட்டது. இன்று அந்தப் பிள்ளை தஞ்சாவூரில் தமிழ்வழியில் படிக்கிறான். கையில் இருப்பது ஓசிஐ அட்டை.

ஓசிஐ என்பது வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை. பெயரில் குடிமகன் இருந்தாலும் அது குடியுரிமை கிடையாது. வாழ்நாள் முழுவதும் வந்து போக, தங்க, படிக்க, வேலை செய்ய அனுமதி. பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் வயதுவராத பிள்ளைக்கு இது கிடைக்கும். வாங்குவது கடினமும் இல்லை. இந்தியாவில் விண்ணப்பித்தால் 15,000 ரூபாய் கட்டணம், வெளிநாட்டில் 275 அமெரிக்க டாலர். அட்டை வந்துவிட்டால் போதுமே, எதற்குக் குடியுரிமைக்காக மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஊரில் நிலம் உள்ள குடும்பங்கள் மூன்றாவதைக் கேட்டதும் பதறுகின்றன. வாரிசாக வருவது வேறு, வாங்குவது வேறு என்று சொல்லி நானே சில பெரியப்பாக்களைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். உண்மையில் பதற வேண்டியது பள்ளி முடித்த பிறகு வரும் சேதிக்கு. 2021 மார்ச் 4ஆம் தேதி உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கைப்படி, ஓசிஐ அட்டை உள்ளவர்கள் நீட் போன்ற அகில இந்தியத் தேர்வுகளை எழுதலாம். ஆனால் அவர்கள் போட்டியிட முடிவது என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதலாக ஒதுக்கப்படும் இடங்களுக்கும்தான். இந்தியக் குடிமக்களுக்கென உள்ள இடங்களுக்கு அவர்கள் வர முடியாது. 2023 பிப்ரவரி 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த அறிவிக்கையை முன்தேதியிட்டு அமல்படுத்த முடியாது, அந்த நாளுக்கு முன்பே அட்டை பெற்றவர்களின் உரிமை தொடரும் என்று தீர்ப்பளித்தது. பழையவர்களுக்கு அது பெரிய நிம்மதி. இப்போது பிறக்கிற குழந்தைகளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

தமிழ்நாட்டில் பிள்ளை வளர்க்கும் ஒரு வீட்டுக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இங்கேயே ஒன்றாம் வகுப்பு முதல் படித்து, இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பிள்ளை, அரசு மருத்துவக் கல்லூரியின் பொது இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல், என்ஆர்ஐ கட்டணம் கட்டும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நண்பரின் மகனுக்கு இப்போது எட்டு வயது. டாக்டராக வேண்டும் என்று அவன் சொல்லும்போது அப்பா பேச்சை மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அவனை இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்ய 5ஆம் பிரிவின் கீழ் இன்னும் வழி இருக்கிறது. இந்தியக் குடிமக்களின் வயதுவராத பிள்ளைகளைப் பதிவு செய்யலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதற்குள்ள வேலையைத்தான் இப்போது இருவருமாகச் செய்துகொண்டிருக்கிறோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகப் போகும் கோப்பு அது. நம்பிக்கையோடு இருக்கிறோம்.

எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமைதான் நல்லது என்று நான் வாதாடவில்லை. நான்கைந்து வருடத்தில் மீண்டும் வெளிநாடு போய்விடுவோம் என்று தெரிந்த குடும்பத்துக்கு ஓசிஐ போதும், சில நேரம் அதுவே வசதி. எங்கே வாழப்போகிறோம் என்று இன்னும் முடிவாகாதவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். இந்தியக் குடிமகளாகப் பதிவான குழந்தை பின்னாளில் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் ஓசிஐக்கும் மாறலாம், அது சிரமமில்லாத மாற்றம். எதிர்த் திசையில் வருவதுதான் ஏற்றமான பாதை. குழப்பம் இருக்கும்போது திரும்பி வர முடிகிற பக்கமாக முதல் அடியை வையுங்கள்.

நாங்கள் மகளைச் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து, இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினோம். முடிவெடுக்கும் முன் என் மனைவி நிறைய யோசித்தார். தன் நாட்டுப் பாஸ்போர்ட் மகளிடம் இல்லாமல் போவது ஒரு தாய்க்கு லேசான விஷயமில்லை. மகளுக்கு 18 வயதாகும்போது அவளே முடிவு செய்யட்டும், அதுவரை அவள் வளரும் ஊரில் அவளுக்கு எந்தக் குறையும் இருக்கக்கூடாது என்று அவர்தான் கடைசியில் சொன்னார். இங்கே பிறந்த பிள்ளைகளோடு சரிசமமாக அவள் வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கு நான் அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இடையில் ஒரு வரலாற்றுத் தகவல். வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாய் வழியாக இந்தியக் குடியுரிமை வரும் என்பதே 1992 டிசம்பர் 10ஆம் தேதி முதல்தான். அதற்கு முன் பிறந்திருந்தால் தந்தை இந்தியராக இருக்க வேண்டும். தாய் மட்டும் இந்தியர் என்றால் குழந்தை அந்நியர். இதனால் கணவரை இழந்தோ பிரிந்தோ ஊர் திரும்பிய எத்தனை பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்காக விசா நீட்டிப்பு வரிசையில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த அநீதி திருத்தப்பட்டது. திருத்த முடியாத சட்டம் எதுவும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

சரி, இனி மனைவிக்கு வருவோம்.

"அவ நம்ம வீட்டுப் பொண்ணு ஆயிட்டா, அவளுக்கு எதுக்குடா விசா?" என்று அம்மா கேட்டார். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? திருமணம் ஒருவரைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்துவிடும். நாட்டுக்குள் கொண்டுவராது. இந்தியக் குடிமகனை மணந்ததால் மட்டும் யாருக்கும் இந்தியக் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ வருவதில்லை. மூன்று படிகள் இருக்கின்றன: நுழைவு விசா, ஓசிஐ, குடியுரிமை. மூன்றுக்கும் அடியில் ஒரு காகிதம் கிடக்கிறது, அது திருமணப் பதிவுச் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கோயிலில் தாலி கட்டி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டு, ஆல்பம் மூன்று வைத்திருப்பார்கள். பதிவு செய்திருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. ஒருவர் வெளிநாட்டவர் என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் பெரும்பாலும் பொருந்தும். அதில் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் தங்கியிருக்க வேண்டும், அறிவிப்புக் கொடுத்து இன்னும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் தான் திருமணமாகாதவர் என்று தன் நாட்டிடமிருந்து சான்று கொண்டுவர வேண்டியிருக்கும். இருபது நாள் விடுமுறையில் வந்து கல்யாணமும் பண்ணி, பதிவும் பண்ணிவிட்டுப் போகலாம் என்று திட்டமிடுபவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் கீழ் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யும் வழியும் உண்டு. அல்லது நாங்கள் செய்தது போல அந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்து, சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒரு நாட்டு ஆவணத்தைப் பிற நாடுகளும் ஏற்பதற்கான அத்தாட்சி, வாங்கிக்கொள்ளலாம்.

முதல் படியான நுழைவு விசாவை எல்லோரும் எக்ஸ் விசா என்பார்கள். இந்தியரின் மனைவி, கணவர், பிள்ளைகள் என்ற தகுதியில் தரப்படுவது. 180 நாட்களுக்கு மேல் செல்லும் விசா என்றால், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் பதிவு செய்ய வேண்டும். முன்பு சென்னைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2018 முதல் பெரும்பாலும் இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. நீட்டிப்பும் அங்கேயேதான். 2025 செப்டம்பர் 1 முதல் 1946ஆம் ஆண்டு அந்நியர் சட்டம் உள்ளிட்ட பழைய நான்கு சட்டங்களின் இடத்தில் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்துப் படிவம் நிரப்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ் விசாவின் பெரிய குறை, அது வேலை விசா இல்லை என்பது. என் மனைவி சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர். இங்கே வந்த புதிதில் சம்பளத்துக்கு எதுவும் செய்ய முடியாமல் வீட்டில் இருந்தார். புது ஊர், புது மொழி, கையில் சொந்தப் பணம் இல்லை. கணவர்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் தன் உழைப்பால் நின்றுகொண்டிருந்த ஒருவரை, ஒவ்வொரு செலவுக்கும் இன்னொருவரிடம் கேட்கும் நிலையில் வைப்பது, அந்த இன்னொருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வலிக்கிற விஷயம். அந்த மாதங்களில் அவர் தமிழ் படித்தார். வேளாங்கண்ணிக்குப் போகும்போது மட்டும் தன் ஊருக்கே போய்வந்தது போல இருக்கிறது என்பார்.

இரண்டாவது படி ஓசிஐ. பதிவான திருமணம், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும். துணைவருக்கு முன்கூட்டியே பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு என்பதால் வீட்டுக்குப் போலீஸ் வந்து விசாரிப்பார்கள், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள், அவ்வளவுதான். இந்தியாவுக்குள்ளிருந்து விண்ணப்பிப்பதானால் சுற்றுலா விசாவில் இருக்கக்கூடாது. கல்யாணம் முடிந்து சுற்றுலா விசாவிலேயே வந்து போய்க்கொண்டிருப்பவர்கள் முதலில் எக்ஸ் விசாவுக்கு மாற வேண்டும். அட்டை வந்த பிறகு எஃப்ஆர்ஆர்ஓ பதிவு தேவையில்லை, வேலைக்கும் போகலாம். அட்டை வந்த பிறகு என் மனைவி மறுபடி கணக்கு வேலையில் சேர்ந்தார். வீட்டின் முகமே மாறியது.

ஆனால் இந்த அட்டையில் ஒரு விரிசல் இருக்கிறது. துணைவர் என்ற தகுதியில் ஓசிஐ பெற்றவர், ஒவ்வொரு முறை புதிய பாஸ்போர்ட் எடுக்கும்போதும் மூன்று மாதத்துக்குள் அதன் நகலோடு, திருமணம் இன்னும் தொடர்கிறது என்ற உறுதிமொழியையும் பதிவேற்ற வேண்டும். திருமணம் சட்டப்படி முறிந்தால் அட்டையை ரத்து செய்யலாம் என்று 7டி பிரிவு சொல்கிறது. சட்டத்தில் ஓசிஐக்குத் தகுதியானவர்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். இந்தியக் குடிமகனின் துணைவர் இருக்கிறார். இந்தியக் குடிமகனின் வயதுவராத பிள்ளை இருக்கிறது. இந்தியக் குடிமகனைப் பெற்ற தாய், தந்தை என்ற தகுதி மட்டும் இல்லை. அதாவது என் மகள் இந்தியர். நாளை எனக்கும் என் மனைவிக்கும் விவாகரத்து ஆனால், அந்த இந்தியக் குழந்தையின் தாய் என்பதற்காக அவருக்கு ஓசிஐ கிடைக்காது. வேறு விசா தேடிக்கொண்டு நிற்க வேண்டும். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை நீதிமன்றம் குழந்தையின் நலன் பார்த்து முடிவு செய்யும். தாய் நாட்டில் இருக்கலாமா என்பதை இன்னொரு அலுவலகம் முடிவு செய்யும். ஒத்துவராத வாழ்க்கையை அட்டைக்காகப் பொறுத்துக்கொண்டு இருக்கும் பெண்கள் இருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெற்றோர் என்பதையும் ஒரு தகுதியாகச் சேர்ப்பதற்குச் சட்டத்தில் ஒரு வரி போதும்.

மூன்றாவது படி குடியுரிமை. இதற்கு இரண்டு வழிகள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டுகள் இந்தியாவில் வசித்த பிறகு 5(1)(சி) பிரிவில் விண்ணப்பிக்கலாம். அந்த ஏழில் கடைசி 12 மாதங்கள் இடைவிடாமல் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுகள் இங்கே இருந்திருக்க வேண்டும். இன்னொன்று 5(1)(ஜி). ஓசிஐ பதிவாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்து, விண்ணப்பத்துக்கு முன் 12 மாதங்கள் இந்தியாவில் வசித்திருந்தால் போதும். வேலை நிமித்தம் வெளியே போய்வந்து கொண்டிருந்த தம்பதிகளுக்கு இரண்டாவது வழி பொருத்தமாக இருக்கும். எதில் போனாலும் பழைய குடியுரிமையை விட வேண்டும், ஏனென்றால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிலிப்பைன்ஸில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிறப்பால் பிலிப்பினோவாக இருந்தவர்கள் இழந்த குடியுரிமையைத் திரும்பப் பெற வழி தருகிறது. அதை எடுத்துக்கொண்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். என் மனைவி இந்த மூன்றாவது படியில் ஏற வேண்டுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அது அவருடைய நாடு, அவருடைய முடிவு.

மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த குழந்தை இருந்தால்? அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களில் யாரும் இந்தியர் இல்லை என்பதால் 4ஆம் பிரிவும் பொருந்தாது, பிள்ளை என்ற தகுதியில் ஓசிஐயும் வராது. விசாவில்தான் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் தம்பிக்கு இந்தியப் பாஸ்போர்ட், அக்காவுக்கு வருடக்கணக்கில் நீட்டிக்கும் விசா. மறுமணம் செய்துகொள்பவர்கள் இதை மறைக்காமல் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும், அந்தப் பெண் குழந்தையிடமும்கூட.

இதுவரை சொன்ன படிகள் எல்லாம், விமானத்தில் பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கியவர்களுக்கு. பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருப்பவர்கள், இருந்தவர்கள், பெற்றோர் முதல் கொள்ளுத்தாத்தா பாட்டி வரை அப்படி இருந்தவர்கள் ஓசிஐ பெறவே முடியாது. அவர்களுக்கு நீண்டகால விசா, அப்புறம் ஏழு ஆண்டுக் கணக்கு. நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

இலங்கையிலிருந்து பாஸ்போர்ட், விசாவோடு வந்து தமிழ்நாட்டு மாப்பிள்ளையை மணந்த பெண்ணுக்கு மேலே சொன்ன எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன. அதே யாழ்ப்பாணத்திலிருந்து, குண்டு விழுந்த இரவில் படகேறி ராமேஸ்வரம் கரையில் இறங்கி, முகாமில் வளர்ந்து, பக்கத்து ஊர்ப் பையனை மணந்த பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. செல்லத்தக்க ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் சட்டத்தின் மொழியில் சட்டவிரோதக் குடியேறி. 5ஆம் பிரிவு அவரைத் தொடாது. அவர் குழந்தைக்கும் அடி விழுகிறது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. அப்பா இந்தியர், பிறந்தது திருச்சி அரசு மருத்துவமனை, பேசுவது தமிழ், இருந்தும் குழந்தை இந்தியர் இல்லை. பிலிப்பினோத் தாய்க்குச் சிங்கப்பூரில் பிறந்த என் மகள் இந்தியர். இந்த இரண்டு குழந்தைகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போது எனக்குத் தலை நிமிரவில்லை.

பிறந்த தேதி எப்படி விதியை மாற்றுகிறது என்பதற்கு ஒரு சாட்சி திருச்சியிலேயே இருக்கிறார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து, கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் வரை இந்திய மண்ணில் பிறந்த யாரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அதை வைத்து 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். ஒரே முகாமில், சில வருடம் கழித்துப் பிறந்தவர்களுக்கு அந்த வாசல் இல்லை.

குடியுரிமைச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு சமயத்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து விலக்கியது. இலங்கைத் தமிழரை விலக்கவில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. நல்ல செய்திதான். அவர்கள் இனிக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதில்லை. குழந்தையின் குடியுரிமையை மறுக்கும் அந்த வரி அப்படியே இருக்கிறது. தாய்வழிக் குடியுரிமையை 1992இல் எழுதிச் சேர்த்தது போல, பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் குழந்தை இந்தியர் என்று இதையும் நாடாளுமன்றம் எழுதிவிடலாம். நம் உறுப்பினர்கள் அங்கே இதைக் கேட்க வேண்டும், நாம் அவர்களிடம் கேட்க வேண்டும்.

அதுவரை அப்படிப்பட்ட தம்பதிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. முகாம் பதிவு எந்தத் தேதியில் நடந்தது என்பதற்கான காகிதம், திருமணப் பதிவு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். முகாமில் இருக்கும் பெற்றோரின் பிறந்த இடமும் தேதியும் என்னவென்று சரியாகப் பாருங்கள். 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்றால் கதையே மாறிவிடும், குழந்தைக்கும் சேர்த்து. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். கோப்போடு போய் உட்காருங்கள்.